அசல் ஜரிகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. ஆனால் பொங்கல் விழா அன்றைக்குக் கம்பெனி கேட்டில் நான் பேசிய பேச்சுக்கு அடிபட்டது நானல்ல, ரத்னா அக்காவின் கல்யாணப் புடவை.

ரத்னா அக்கா, பிள்ளைப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. மழைக்காலம் முடிந்ததும் அந்தப் புடவையை எடுத்து, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைப்பார். மறுமுனையைப் பிடிக்க நான்தான் போவேன். அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை. இரண்டும் சேரும் இடத்தில் கோபுரம் கோபுரமாக ஏறி நிற்கும். ஊடு நூலை ஓட்டும் நாடா கரைக்குத் தனி, உடலுக்குத் தனி என்று தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது. முந்தானையில் வரிசையாக மயில்கள். ஒவ்வொன்றின் கழுத்தும் ஒவ்வொரு மாதிரி திரும்பியிருக்கும். கடையில் தொங்கும் புடவைகளை எல்லாம் அதற்குப் பிறகு எனக்குப் பார்க்கப் பிடிப்பதில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

கம்பெனியில் பாரம்பரிய உடையில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அக்கா பீரோவைத் திறந்துவிட்டார். நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன்.

"முட்டி வலிய வச்சிக்கினு இதக் கட்டிக்கினு நான் எங்கடி போவப்போறேன்? நீ போ மதி. நாலு பேரு பாத்து இன்னா சொன்னாங்கன்னு வந்து சொல்லு. அது போதும் எனுக்கு" என்றார்.

அவரே கொசுவம் வைத்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் கசங்கும் என்று ஒரகடம் வரை நின்றுகொண்டே போனேன்.

எங்கள் லைனில் செய்வது நகத்தளவு போன் பாகங்கள். அதனால் கேட்டில் கெடுபிடி அதிகம். கொலுசைக்கூடக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் மெட்டல் டிடெக்டர் வாசலைத் தாண்ட வேண்டும். எனக்கு முன்னால் போன பெண்களெல்லாம் பளபளவென்று பட்டு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போனார்கள். நான் கால் வைத்ததும் டிடெக்டர் கத்தியது. திரும்ப வந்து போனேன். திரும்பவும் கத்தியது.

செக்யூரிட்டி அமலா திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கைக்கருவியை முந்தானை மேல் காட்டினால் மட்டும் அலறியது. வெளியே நின்ற அவளுடைய ஆபீசர் சிவசங்கர், புடவைக்குள் எதையாவது வைத்துத் தைத்திருக்கிறாளா பார் என்றார். அந்த மாதம் லைனில் ஏதோ காணாமல் போயிருந்தது. என்னைத் திருடி என்கிறாரே என்று எனக்கு மண்டைக்குள் ஏறிவிட்டது. திரையை விலக்கி வெளியே வந்து, ஜரிகைதான் சார் கத்துது என்றேன். எல்லார் புடவையிலும்தான் ஜரிகை இருக்கிறது, அதெல்லாம் ஏன் கத்தவில்லை என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

"அதெல்லாம் பிளாஸ்டிக்கு சார். இது பட்டு நூலு மேல சுத்துன அசல் வெள்ளி, தங்க முலாம் பூசுனது. வோணும்னா சுரண்டிப் பாருங்க, உள்ள செவப்பு நூலு தெரியும்."

அந்தச் சூட்டில் வாய் சொல்லிவிட்டது. ஐயோ, வேண்டாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் அமலா லாக்கர் சாவியால் ஒரு மயிலின் கழுத்தில் அழுத்தி ஒரு இழு இழுத்துவிட்டாள். தங்க நிறம் பிய்ந்து, ரத்தச் சிவப்பில் பட்டு நூல் தெரிந்தது.

"ஆமா சார், அசலுதான்" என்றாள் அமலா. அவள் குரலில் மரியாதை வந்திருந்தது.

சிவசங்கரும் தலையாட்டினார். என் மேல் சந்தேகம் போய்விட்டது என்றார். மன்னித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, வெள்ளி என்றால் உலோகம், உலோகம் உள்ளே போகக்கூடாதும்மா, மாற்றுத்துணி இருந்தால் மாற்றிக்கொண்டு வா என்றார். மாற்றுத்துணிக்கு நான் எங்கே போவேன்? சண்டை போடலாமென்றால் அவர் மேல் தப்பே இல்லை. உள்ளே கேன்டீனில் மைக் சத்தம் கேட்டது. கேட் ரூமில் உட்கார்ந்து, கண்ணீர் புடவையில் விழாமல் குனிந்து அழுதேன். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்தேன். அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விழா அதற்குள் முடிந்துவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்ததும் மடிக்கக் கூப்பிட்டார்.

"பாத்தாங்களா?"

"பாத்தாங்கக்கா."

"இன்னா சொன்னாங்க?"

"அசலுன்னு சொன்னாங்கக்கா."

அக்காவின் முகம் பூரித்துப்போனது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே, எப்போதும் போல முந்தானை மயில்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் மயில், அடுத்தது, அதற்கடுத்தது. மறுமுனையைப் பிடித்தபடி நான் நின்றேன். விட்டால் புடவை தரையில் விழுந்துவிடும்.