கர்டெய்லுக்கு ஒரு மாடல் கிளாஸ்

எங்கள் பாலக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஜூனில் வாத்தியாரை எடுப்பார்கள், ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள், மறுபடி ஜூனில் கூப்பிடுவார்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கொடுப்பது பாவம் என்று மானேஜர் தைரியராஜ் நம்பினார். அந்தப் பாவத்தை அவர் ஒருநாளும் செய்ததில்லை.

லூர்து இப்படிச் சில வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்த இங்கிலீஷ் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண்ணின் அப்பா பாக்கியநாதனுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வேலை பெர்மனென்ட் ஆகட்டும் தம்பி. ஆயிட்டா மே மாசமே கல்யாணம்."

லூர்து மானேஜரிடம் போய் நின்றான். "ஒரு மாடல் கிளாஸ் எடுங்க, பாத்துட்டு பெர்மனென்ட் பண்றேன்" என்றார் அவர். பாடத்தையும் அவரே கொடுத்தார். 'கர்டெய்ல்' என்ற இங்கிலீஷ் வினைச்சொல், நீளமானதைக் குறைப்பது, அதன் பொருளும் பிரயோகமும். லூர்து என்னை மாணவனாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தான். பத்து வருஷம் வாத்தியார் சர்வீஸ் போட்ட எனக்கே பொறாமையாக இருந்தது.

மாடல் கிளாஸ் அன்று மானேஜர் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார் என்று பார்த்தால், "முன்னுரையா ரெண்டு வார்த்தை" என்று கரும்பலகைப் பக்கம் நகர்ந்தார். இரண்டு வார்த்தை என்று தொடங்கியவர் எவர் இரண்டோடு நிறுத்தியிருக்கிறார்?

"செலவைக் கர்டெய்ல் பண்ணலாம். லீவைப் பண்ணலாம். ஸ்ரீரங்கம் போற பஸ் காவேரிப் பாலத்தோட திரும்பிட்டா, அது பயணத்தைக் கர்டெய்ல் பண்றது. ஆனா வேட்டியைப் பண்ணக் கூடாது. வேட்டியை ஷார்ட்டன்தான் பண்ணணும்!"

பிறகு தன் வேட்டி, அதை நெய்தவர், தன் இளமைக்கால இங்கிலீஷ், தான் பேசி வெள்ளைக்காரக் கலெக்டர் அசந்துபோனது என்று முக்கொம்பு அணையின் மதகைத் திறந்துவிட்டமாதிரி போய்க்கொண்டே இருந்தார். பையன்கள் கொட்டாவி விட்டார்கள். லூர்து சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். பாவி மனுஷன் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப நீங்க நடத்துங்க" என்று அவர் உட்கார்ந்தபோது, மணியடிக்க பியூன் வெளியே வந்துவிட்டான். லூர்து பலகையில் இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினான். 'மானேஜர் என் பாடத்தைக் கர்டெய்ல் செய்துவிட்டார்' என்று அதற்கு அர்த்தம்.

மணி அடித்தது. தொலைந்தான் என்று நினைத்தேன். மானேஜரோ எழுந்து கை தட்டினார்.

"பேஷ்! பிரயோகம் ரொம்ப கரெக்ட். ஆனா ஒரு வாக்கியத்தை வெச்சு நான் எப்படி முடிவு பண்றது, சொல்லுங்க? பாடத்தை இன்னும் கொஞ்சம் விரிவா நடத்திப் பழகுங்க. ஏப்ரல் வரைக்கும் இருங்க. ஜூன்ல பாக்கலாம்."

சாயங்காலம் லூர்துவுக்குத் துணையாக மண்டிக்குப் போனேன். பாக்கியநாதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷர், கோபப்படவில்லை.

"அதனால என்ன தம்பி, பொண்ணுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மே மாசத்துலயே வெச்சுக்குவோம். பத்திரிகையில உங்க பேருக்குக் கீழ என்ன வேலைன்னு போடறது, அதை மட்டும் சொல்லுங்க."

வேறு எந்த மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தாலும் லூர்து அதற்குப் பதில் சொல்லியிருப்பான்.