தைப்பூசத்தன்று யுரேனஸ் தெரிந்த விதம்

யுரேனஸைப் பார்க்க இருட்டு வேண்டும், பொறுமை வேண்டும், பக்கத்தில் பேராசிரியர் இருக்கக் கூடாது. முதல் இரண்டும் திருச்சியில் தாராளமாகக் கிடைக்கின்றன.

வருஷத்துக்கு ஒரு முறை அந்தக் கிரகம் சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்கும். சூரியன் மேற்கே இறங்கும்போது இது கிழக்கே ஏறும். பார்ப்பதென்றால் அப்போதுதான் பார்க்க வேண்டும். 1957இல் அது தை அமாவாசையை ஒட்டி வந்தது. கிரகம் இருந்த இடம் பூச நட்சத்திரத்தின் பக்கம்.

இது எனக்கும் அழகிரிக்கும் மட்டும் தெரிந்திருந்தது. பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. கல்லூரி வானியல் கழகத்தில் அவன் செயலாளர், நான் உறுப்பினர். வேறு யாரும் அதில் இல்லை. மார்கழி விடியலில் பாலக்கரையிலிருந்து சைக்கிள் மிதித்து ஸ்ரீரங்கம் போவேன். அழகிரி போர்வையோடு வாசலில் நிற்பான். கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு நடந்து, கொள்ளிடத்து மணலுக்குத் திரும்பிவிடுவோம். என் மாமா நிஜாமுதீன் பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரில் பூசத்தின் அருகே இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லாப் புள்ளியும் வைத்த இடத்தில் இருக்க, ஒன்று மட்டும் நாளுக்கு நாள் நகர்ந்தது. அன்று அழகிரி என்னைக் கட்டிக்கொண்டான். பல் கூடத் தேய்த்திருக்கவில்லை.

ஆனால் பைனாகுலரில் அது வெறும் புள்ளி. தொலைநோக்கியில் பார்த்தால்தான் வட்டம் தெரியும், கடுகளவு, இளம்பச்சை நிறம் என்று பாடப்புத்தகம் சொன்னது. எனக்கு அந்தக் கடுகு வேண்டும். கல்லூரியில் ஒரு பித்தளைத் தொலைநோக்கி இருந்தது. ஊருக்குப் போன துரை ஒருவர் விட்டுச் சென்றது. அதைத் தூசி பட்டுவிடும் என்று பேராசிரியர் பிச்சைமுத்து பீரோவில் பூட்டி வைத்திருந்தார். நாங்கள் கண்டுபிடித்ததைச் சொன்னதும், தொலைநோக்கியில் கிரகத்தைக் காட்டுகிறவனிடம் பரீட்சை வரைக்கும் பீரோ சாவியைக் கொடுப்பதாக அவர் சொன்னார். சித்திரையில் நான் கல்லூரியை விட்டுப் போய்விடுவேன். அதற்கப்புறம் எனக்கு எந்தத் துரை பித்தளை தருவான்?

பேராசிரியர் உற்சாகமாகி, மன்னார்புரம் அரிசி ஆலை அதிபர் வீரமலையை அழைத்து விழாவாகவே நடத்த முடிவு செய்தார். வீரமலை கல்லூரிக்குப் புதிய ஆய்வுக்கூடம் கட்டித் தரும் யோசனையில் இருந்தார். கிரகம் பூசத்தில் இருக்கிறது என்று கேட்டதும், அப்படியென்றால் தைப்பூசத்தன்றே பார்த்துவிடுவோம் என்றாராம். பேராசிரியரும் பொருத்தம்தான் என்றாராம்.

எங்கள் வீடு பிறை பார்த்துப் பழகிய வீடு. நிலாக் கணக்கு எனக்குத் தெரியும். முழுநிலா பூசத்தில் வந்து நிற்பதால்தானே அது தைப்பூசம்? யுரேனஸின் தலைமேல் பௌர்ணமி உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸுக்குப் பின்னால் மின்மினியைத் தேடுகிற காரியம். இரண்டு வாரம் பொறுத்தால் அமாவாசை. இதையெல்லாம் அழகிரியிடம் சொல்லி, செயலாளர் என்ற முறையில் போய்ப் பேசச் சொன்னேன். போனான். திரும்பி வந்து என் தோளில் கை போட்டான்.

"சார் ஒத்துக்கிட்டாருடா. அமாவாசைக்குத் தள்ளியாச்சு. நீ நிம்மதியாத் தூங்கு."

தூங்கினேன்.

தைப்பூசத்தன்று, சமயபுரத்தாளுக்கு ரங்கநாதர் சீர் கொடுப்பதைப் பார்க்க ஊரே கொள்ளிடக் கரைக்குப் போயிருந்தது. சாயங்காலம் அழகிரி ஆளனுப்பினான். கல்லூரி மாடியில் நாற்காலிகள், மைக், மாலையோடு வீரமலை. கிழக்கே பித்தளைத் தாம்பாளம் மாதிரி நிலா. அழகிரி டை கட்டியிருந்தான்.

"கண்டுபிடிச்சவன் இவன்தான் சார்," என்று என்னை முன்னால் தள்ளினான். பெருந்தன்மை என்று எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நேரம் நானும் நினைத்தேன்.

தேடினேன். வானம் முழுக்க மோர் கொட்டியது போல் வெளுப்பு. பின்னால் பேராசிரியர் இருமினார். வீரமலை கடிகாரத்தைப் பார்த்தார். நிலா இருக்கும்வரை தெரியாது என்று சொன்னேன். பூசத்தன்று பூசத்துக் கிரகம் தெரியாதா என்று யாரோ கேட்க, நாற்காலிகள் சிரித்தன.

அப்போது அழகிரி மெதுவாக என்னை விலக்கினான். குழாயைச் சாண் தூரம் வலது பக்கம் மேலே தூக்கினான், குவியத் திருகைத் திருப்பினான். அரை நிமிஷம். "வாங்கய்யா, பாருங்க."

வீரமலை பார்த்தார். "அடேயப்பா, தோசைக்கல்லு மாதிரில்ல இருக்கு."

குழாய் எந்தப் பக்கம் நோக்குகிறது என்று பார்த்தேன். புரோசியான் என்ற நட்சத்திரம். எந்த நட்சத்திரமும் எந்தத் தொலைநோக்கியிலும் புள்ளிதான். திருகைத் தப்பாக வைத்தால் மட்டும் ஊதி வட்டமாகும். இதை மணலில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் யாரென்று நான் எழுத வேண்டியதில்லை.

வரிசையில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். பேராசிரியர் இரண்டு தடவை பார்த்தார். மறுநாள் நான் உண்மையைச் சொன்னபோது அவர் மிகவும் வருத்தப்பட்டார். என் விஷயத்தில்தான்.

"அத்தனை பேரும் கண்ணால பாத்திருக்கோம். நீ ஒருத்தன்தானேப்பா பாக்கல?"

கணக்கு சரிதான். அந்தக் கல்லூரியில் யுரேனஸைப் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

அமாவாசை வந்தது. அழகிரியைத் தேடி ஸ்ரீரங்கம் போனேன். மன்னார்புரத்தில் இருப்பதாக அவன் அம்மா சொன்னார்கள். வீரமலை குடும்பத்துக்குக் கிரகம் காட்டத் தொலைநோக்கியும் அங்கே போயிருந்தது. மன்னார்புரம் போனேன். மாடியில் வீரமலை, அவர் மகள் வள்ளிக்கண்ணு, பஜ்ஜித் தட்டு, அழகிரி. குழாய் புரோசியானைப் பார்த்து நின்றது. ஒரு சாண் இடது பக்கம் கீழே, மை போன்ற இருட்டில், பூசம்.

ஒரு நிமிஷம் கொடு என்று கேட்டேன்.

"பாவங்க, இவன் அன்னிக்குப் பாக்க முடியாம போயிட்டான்," என்று அழகிரி அவர்களிடம் சொன்னான். "வாடா, பாத்துக்க."

கண்ணை வைத்தேன். தோசைக்கல். என் கை சும்மா இருக்கவில்லை, திருகைச் சரியாகத் திருப்பிவிட்டது. வட்டம் சுருங்கி ஊசிமுனையானது. வீரமலையைப் பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்து நிமிர்ந்தார்.

"என்ன தம்பி இப்படிக் கெடுத்துட்டீங்க? நல்லா இருந்துச்சே."

அழகிரி திருகைத் திருப்பிக் கிரகத்தை மீட்டான். வள்ளிக்கண்ணு கை தட்டினாள். குழாயை ஒரு சாண் நகர்த்த அனுமதி கேட்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வீரமலை எழுந்துவிட்டார். அந்த வீட்டில் அது போய்வா என்பதற்கான சொல்.

கேட் வரைக்கும் அழகிரி கூட வந்தான்.

"கோவிச்சுக்காதடா கலீலு. அமாவாசைன்னா அவரு வந்திருக்கவே மாட்டாரு. வீட்டுல திதி, வெளிய கெளம்பமாட்டாரு. லேபு வருது பாரு, எல்லாருக்கும் நல்லதுதானே?"

"என்னை எதுக்குடா முன்னாடி தள்ளின?"

அவன் கேட் கம்பியைச் சுரண்டினான். "நீ தேடிக் கெடைக்கலன்னாத்தான் நான் காட்டறது எடுபடும்."

நான் சைக்கிளை எடுத்தேன். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். மாடியிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள்.

"டேய்," என்றான் தாழ்ந்த குரலில். "நெசமாவே அது பச்சையாவா இருக்கும்?"

சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. பதினைந்து நாளாக அங்கேயேதான் இருந்தது.

"தெரியாது," என்றேன். "நான் பாத்ததில்ல."