கட்டுப் போட்ட கைகள்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே புத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கடலை மில்லில் புழுதி எழும்பிவிடும். ஆயில் இஞ்சின் நாலைந்து முறை இருமி, கரும்புகையைக் கக்கி, பிறகு ஒரே சீராக அடித்துக்கொள்ளத் தொடங்கும். செங்கல்வராயன் அதன் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றியே தோள் காய்த்துப்போனவன். பெண்கள் மூட்டையை அவிழ்த்து, வேர்க்கடலையை முறத்தில் அள்ளி, உடைக்கிற மிஷினின் வாயில் கொட்டுவார்கள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழும். தோல்தூசு மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி, ராத்திரி துப்புகிற எச்சிலையும் செம்மண்ணாக்கும். அந்தப் பருப்பு ரயிலில் மதராஸ் போய், கப்பலேறி, சீமையில் சோப்பாக மாறுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். உடைத்துக் கொடுத்தவர்கள் வீட்டில் தாளிக்க எண்ணெய் கிடையாது.

மில் முதலாளி தேவராஜுலு. ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் ரயிலடியில் மூட்டைத் தரகு பார்த்துக்கொண்டிருந்தவர். சண்டை முடிந்து கடலைக்கு விலை ஏறியது. அவரும் கூடவே ஏறினார். சுற்றுப்பட்ட கிராமங்களில் கம்பும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலமெல்லாம் கடலையாயிற்று. தேவராஜுலு மில் வைத்தார், மாடி கட்டினார், புத்தூருக்கும் திருப்பதிக்கும் பஸ் விட்டார். காங்கிரஸ்காரர்கள் கூட்டம் போட்டால் கதர்ச்சட்டை, கலெக்டர் முகாம் வந்தால் கோட்டு. இரண்டுக்கும் தனித்தனி பீரோ வைத்திருந்த தேசபக்தர் அவர். பஸ்ஸின் நெற்றியில் தன் பெயரை எழுதச் சொன்னபோது, முன்னால் கொஞ்சம் இடம் விடச் சொன்னார். என்றைக்காவது சர்க்கார் கொடுக்கப்போகிற ராவ் சாகிப் பட்டத்துக்காக அந்த இடம். பட்டம் வரவில்லை. வெற்றிடம் மட்டும் தினமும் திருப்பதிக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் கடலை விலை தலைகுப்புற விழுந்தது. தேவராஜுலு எல்லோரையும் களத்தில் கூட்டினார்.

“அமெரிக்காவுல பேங்கெல்லாம் மூடிட்டான். கோடீஸ்வரனே தெருவுல நிக்கறான். நாம எல்லாரும் கொஞ்சம் வயித்தக் கட்டணும். இன்னையிலேர்ந்து கூலில கால் பங்கு கம்மி” என்றார். அவருடைய வயிறு அப்போது நாற்காலியின் இரண்டு கைகளையும் தொட்டுக்கொண்டிருந்தது.

கடலை கொட்டுகிற பெண்களில் அம்சவேணிக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. “வெல ஏறிகினு போனப்ப அமெரிக்காக்காரன் எங்களுக்கு ஒண்ணும் சொல்லி அனுப்பலியே மொதலாளி?”

“ஏமே, நாக்கு நீளுதே! இஷ்டம் இல்லன்னா போ. வடமாலபேட்டைக்கு பஸ் அனுப்பினா நிமிஷத்துல ஆளு வரும்.”

அவளும் அடங்கிப்போனாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஏழைகள் இப்படித் தரையைப் பார்க்கிறதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தரையில் அப்படி என்னதான் கிடக்கிறதோ!

கூலியைக் குறைத்ததோடு அவர் நிற்கவில்லை. ஈரக் கடலை வந்தால் மிஷினின் வாய் அடைத்துக்கொள்ளும். முன்னெல்லாம் செங்கல்வராயன் இஞ்சினை நிறுத்துவான், பெண்கள் அடைப்பை எடுப்பார்கள். நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் எண்ணெய் வீணாகிறதாம். இனி ஓடும்போதே எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. செங்கல்வராயன் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலின் பலன் கமலம்மாவின் வலது கையில் விடிந்தது. அவள் புருஷன் கோலார் சுரங்கத்துக்குப் போய் இருமலோடு திரும்பிச் செத்தவன். இரண்டு குழந்தைகளுக்கும் அவள் கூலிதான் சோறு. அன்று அடைத்த கடலையைத் தள்ளக் கையை விட்டாள். உள்ளே சுழன்ற உருளை வளையலைப் பிடித்து இழுத்தது. “நிறுத்துடா!” என்று அம்சவேணி போட்ட அலறலில் செங்கல்வராயன் பெல்ட்டைத் தள்ளிவிட்டான். அதற்குள் முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

தேவராஜுலு வேகமாக வந்தார். குனிந்து பார்த்தார். “பருப்புல ரத்தம் பட்டுச்சா?” என்று கேட்டார்.

எலும்பு ஒடிந்தவர்கள் வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிற ஊர் புத்தூர். கமலம்மா நடந்தே போனாள். வைத்தியர் எலும்பை இழுத்துச் சேர்த்து, பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பட்டைகளை வைத்துத் துணியால் இறுகக் கட்டினார். கட்டுப் பிரிக்கும்வரை கையை அசைக்கக் கூடாது என்றார். மறுநாளே அவள் மில்லுக்கு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து இடது கையால் பருப்பில் கல் பொறுக்கினாள். உட்கார்ந்தால்தான் உலை கொதிக்கும்.

மதராஸிலிருந்து ஏற்றுமதிக் கம்பெனித் துரை மில்லைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் மில்லின் பருப்பு முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். முதல் நாள் சாயங்காலம் தேவராஜுலு கேட்டில் நின்று உத்தரவு போட்டார்.

“நாளைக்கு தொர வரார். கட்டுப் போட்ட கையோட ஒருத்தரும் கேட்டுக்குள்ள வரக் கூடாது. அபசகுனம். மிஷின் மேலயும் கெட்ட பேரு.”

கமலம்மா முன்னால் வந்தாள். “அப்ப நாளன்னிக்கு வரட்டா மொதலாளி?”

“எதுக்கு? ஒன் எடத்துக்கு வடமாலபேட்டைலேர்ந்து கோதைன்னு ஒரு பொண்ணு வருது. ஒட்ச்ச கை ஒட்ச்ச கைதான்.”

“எட்து கையால பொறுக்கிகினுதான கீறேன்? கொழந்திங்க இன்னாத்த துன்னும்?”

தேவராஜுலுவுக்கு மனம் இளகிவிட்டது. அவருக்கும் மனம் என்று ஒன்று உண்டு. அது இளகினால்தான் ஆபத்து. “திருப்பதிக்குப் போமே. என் பஸ்லயே டிக்கெட் இல்லாம அனுப்பறேன். மல ஏர்ற படில அந்தக் கைய நீட்டிகினு ஒக்காரு. புண்ணியவானுங்க நெறைய வருவாங்க.”

பெரிய தர்மம் செய்துவிட்டவரைப் போல உள்ளே போனார். கமலம்மா கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். உழைத்துத் தின்றவளைப் பிச்சைக்கு அனுப்புகிற அந்த வார்த்தை அங்கிருந்த ஒவ்வொருவர் முகத்திலும் அறைந்தது. அன்று யாரும் தரையைப் பார்க்கவில்லை.

ரயில்வே கேட்டருகே செங்கல்வராயன் உட்கார்ந்துவிட்டான். “நான் அன்னைக்கு இஞ்சின நிறுத்தியிருந்தா அவ கை நல்லா இருந்திருக்கும்” என்று அழுதான்.

“நீ நிறுத்தல. நாங்க வாயத் தொறக்கல. இப்ப அழுதுகினு இருந்தா எலும்பு ஒட்டிக்குமா?” என்றாள் அம்சவேணி. பிறகு கூட வந்த மில் ஆட்கள் பக்கம் திரும்பினாள். “கட்டுப் போட்டவங்க உள்ள வரக் கூடாதுன்னுதான சொன்னான்? ஒட்ச்ச மூங்கில் கூடைங்க எல்லார் ஊட்லயும் கீது. பழந்துணியும் கீது. நாளைக்கு ஒருத்தரும் வெறுங்கையோட வராதீங்க.”

விடியற்காலையில் இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று கமலம்மா வந்தாள். கேட்டுக்கு வெளியே மில் ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். எல்லோருடைய வலது கையிலும் மூங்கில் பட்டை, மேலே துணிக்கட்டு.

“அய்யோ, ஒரே நாள்ல எல்லாருக்குமா ஒட்ச்சிக்கிச்சி?” என்று அவள் பதறிப்போனாள்.

“ஒனக்கு ஒட்ச்சது எங்களுக்கு இப்பதான் வலிக்குதுடி” என்றாள் அம்சவேணி.

தேவராஜுலு கோட்டு மாட்டி, கையில் ரோஜாமாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். இஞ்சின் சத்தம் இல்லை. மாலை ஒரு பக்கம் தொங்கிப்போயிற்று.

“இன்னாடா கூத்து இது? டேய் செங்கல்வராயா, போய் இஞ்சின கௌப்பு!”

“கட்டுப் போட்ட கை மொதலாளி. உள்ள வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“ஒங்களுக்கு இப்ப இன்னா வேணும்?”

“கமலம்மா உள்ள வரணும். மிஷின் வாய் அட்ச்சிகிச்சின்னா இஞ்சின் நிக்கணும். கொறச்ச கூலியத் திருப்பிக் குடுக்கணும்” என்றாள் அம்சவேணி.

“குடுக்காட்டி?”

“தொர வரட்டும். நாங்க இங்கியேதான் நிப்போம்.”

அரக்கோணம் பக்கமிருந்து ரயில் கூவியது. போலீசைக் கூட்டிவர ஆளை ஓட்டிவிட்டு, தேவராஜுலு ஸ்டேஷனுக்கு ஓடினார். தொப்பி போட்ட துரை வந்து, வரிசையாக நின்ற கட்டுகளைப் பார்த்து, இதென்ன என்று இங்கிலீஷில் கேட்டார். அது இந்த ஊர் ஜனங்களின் விரதம் என்று தேவராஜுலு அடித்துவிட்டார். பொய்யில்கூட சாமியைத் துணைக்குக் கூப்பிடாமல் அவருக்கு இருக்க முடியாது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். விரதம் எப்போது முடியும், மிஷின் எப்போது ஓடும் என்று கேட்டார். தேவராஜுலுவின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

வடமாலபேட்டைக் கோதை மட்டும் கேட்டுக்குள்ளே முறத்தோடு நின்றிருந்தாள். புதிதாக வந்தவள், யாரையும் தெரியாது. முதலாளி அவளிடம் பாய்ந்தார்.

“நீ ஒருத்தி போதும். மொறத்த எடு. இஞ்சின நானே கௌப்பறேன்!”

கோதை மிஷினின் வாயைப் பார்த்தாள். வெளியே நின்ற கமலம்மாவின் கையைப் பார்த்தாள். “நான் யாரு எடத்துக்கு வந்தேன்?” என்று கேட்டாள். முறத்தைத் தரையில் வைத்துவிட்டு கேட்டைத் தாண்டி வந்தாள். அம்சவேணி தன் கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவிக் கொடுத்தாள். கோதை வலது கையை கமலம்மாவிடம் நீட்டினாள்.

கமலம்மாவுக்கு இருந்தது ஒரு கைதான். துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் சுற்றினாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து போலீஸ்காரர்கள் வருவது தெரிந்தது. தேவராஜுலு கோட்டோடு இஞ்சின் சக்கரத்தைப் பிடித்து இழுத்தார்; அது ஒருமுறை இருமிவிட்டு நின்றது. கூட்டத்தில் ஒருவரும் விலகவில்லை.

“இன்னும் இறுக்கிக் கட்டுக்கா” என்றாள் கோதை.