ரத்தம் காட்டிக்கொடுத்தது

தொண்ணூற்றாறாம் வருஷம் ஈஸ்டர் கழிந்த சில வாரங்களில் மர்சலினுக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. பிறகு நாக்கு குழறியது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். கரும்பலகையில் கோடு இழுத்தால் அது பாம்பாக நெளிந்தது. பின் பெஞ்சில் பிள்ளைகள் அவளைப்போலவே குழறிப் பேசிச் சிரித்தார்கள்.

தலைமையாசிரியை சிஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, "டீச்சர், மனசுல கஷ்டம்னா ஜெபம் பண்ணுங்க. அந்தப் பழக்கம் மட்டும் வேணாம்" என்றார்.

அதைக் கேட்டதும் அவள் கணவன் பவுல்சாமி பள்ளிக்கே போய்விட்டான். "என் பொண்டாட்டிக்கு இருமல் டானிக்கே ஒத்துக்காது சிஸ்டர்! இன்னா பேச்சு பேசறீங்க?" என்று அவன் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. தன் அண்ணன் வாய்தவறி அதே பேச்சைப் பேசியதற்காக அந்த வீட்டுப் படியையும் மிதிக்காமல் விட்டான்.

ஒவ்வொரு டாக்டராக அலைந்தார்கள். மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: "உடம்புல வேற எங்கயாவது கட்டி, வீக்கம்?" பவுல்சாமி அவள் முகத்தைப் பார்ப்பான். "இல்லை" என்பாள் அவள்.

இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கைக்குத் தட்டுப்பட்டது, புளியங்கொட்டை அளவுக்கு. அதைக் காட்ட வேண்டுமானால் முதலில் வாயால் சொல்ல வேண்டும். கட்டின புருஷன் முன்னால்கூட விளக்கை அணைக்காமல் புடவை மாற்றியதில்லை அவள். வலியில்லை, தானாகக் கரைந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் தி.நகரில் நரம்பியல் டாக்டர் ஹபீபுர் ரஹ்மானிடம் வந்தார்கள். "லேடி டாக்டர் ஒருத்தர் முழுசா பார்க்கட்டுமே" என்றார் அவர். "அங்கெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர்" என்று மர்சலின் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வற்புறுத்தவில்லை. ரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார். முடிவு வர வெகுநாள் ஆயிற்று. அதற்குள் அவளால் தனியாக நிற்க முடியவில்லை.

"உங்க ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி இருக்கும்மா" என்றார் டாக்டர். "கிருமி வந்தா எதிர்க்கறதுக்கு உடம்பு தயாரிக்கிற பொருள் அது. இது கிருமியை எதிர்த்து வந்ததில்லை, ஒரு புற்றுக்கட்டியை எதிர்த்து வந்தது. அந்தக் கட்டியில இருக்கற ஒரு புரதம், நடையையும் பேச்சையும் சீரா வச்சிருக்கற சிறுமூளையிலயும் இருக்கு. உடம்புக்கு வித்தியாசம் தெரியாம, கட்டியை அடிக்கறேன்னு மூளையையும் அடிச்சிடுச்சு. அடிக்கறது இந்த ஆன்டிபாடியேதானா, கூட வர்ற வெள்ளணுக்களான்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல. ஆனா எங்கயோ கட்டி இருக்குன்னு இது சொல்லுது. பெரும்பாலும் மார்புல, இல்லேன்னா சினைப்பையில."

பவுல்சாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "அதான் எல்லாரும் கேட்டாங்களே சார். இவளுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. இவ பொய் சொல்றவ இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இ...இருக்கு" என்றாள். வார்த்தை நாக்கில் புரண்டு மெதுவாக வந்தது. "மார்புல. தவக்காலத்துலயே தெரியும்."

பவுல்சாமி அவளைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் கைகளையே பார்த்தான். ஊரெல்லாம் சண்டை போட்ட மனுஷன், இப்போது யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அந்த அறையின் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

ஆட்டோவில் அடையாறு பாலம் தாண்டும்போதுதான் அவன் வாயைத் திறந்தான். "ஊரு உன்னைக் குடிகாரின்னுச்சே. அதைக்கூடப் பொறுத்துக்கினே. இதை என்கிட்ட சொல்ல அவ்ளோ வெக்கமா?"



கட்டியை அறுத்து எடுத்தார்கள். பரவியிருக்கவில்லை. ஆனால் காலும் நாக்கும் திரும்பவில்லை. சிறுமூளையில் செத்த உயிரணுக்கள் செத்தவைதான் என்றார் டாக்டர். முன்னமே வந்திருந்தால் என்று பவுல்சாமி கேட்டதற்கு, "ஒருவேளை இந்த அளவுக்குப் போகாம நிறுத்தியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்த முதல் காலை, கட்டு மாற்ற அவன் பஞ்சும் தண்ணீருமாக வந்து ஜன்னலைத் திறந்தான். வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. மர்சலினின் கை பழக்கத்தில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டது. அவன் பஞ்சை நனைத்துப் பிழிந்துகொண்டு காத்திருந்தான். அவள் முகமெல்லாம் எரிந்தது. சொன்னபடி கேட்காத விரல்களால், வெகுநேரம் பிடித்து, அவளே முந்தானையை விலக்கினாள்.