பள்ளி திறப்புக்கு ஒரு சட்டை

“தம்பிக்கு எந்தச் சட்டையைப் போடச் சொல்ல, உமா?” என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் அக்கம்மாள் உள்ளே வந்தாள். வெளியே அவள் தம்பி லிங்கேஸ்வரனின் உடலைக் குளிப்பாட்டி, மச்சினன் கொண்டுவந்த கோடி வேட்டியையும் கட்டியாகிவிட்டது.

உமாதேவி அழுகையை நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தாள். “பீரோவுல மேத்தட்டுல பை இருக்கு மதினி. புதுச்சட்டை. இன்னும் பிரிக்கக்கூட இல்ல.”

நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். காரணம் இருந்தது. பண்ணைப்புரத்துக்கு மேற்கே, இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளியில் அவர் தலைமையாசிரியர். சம்பளம் சுளையாக வந்தாலும், மே மாதச் சம்பளம் மட்டும் வருடம் தவறாமல் பெயிண்டாகவும் பாயாகவும் சுவர்ப்படமாகவும் மாறிப் பள்ளிக்கூடம் போய்விடும். மனிதர் பலகை துடைக்கிற துணி மாதிரி வெளுத்த சட்டையோடு திரிவார். போன வருடம் அண்ணன் அழகுமலை வீட்டுக் கல்யாணத்தில் யாரோ அவரைப் பார்த்து, “ஏப்பா, இங்கன ரசம் வரல” என்றார்கள். இவரும் வாளியைத் தூக்கிவந்து ஊற்றினார். அந்த வரிசை முழுக்க ஊற்றினார். உமாதேவிக்கு மானமே போய்விட்டது.

அதனால் இந்த வருடம் அவள் விடவில்லை. தன் தலைமேல் அவர் கையை வைத்து, புதுச்சட்டை எடுப்பதாகச் சத்தியம் வாங்கினாள். அவரும் உத்தமபாளையம் போய் ஒரு பையோடு வந்து, பீரோவில் வைத்துப் பூட்டி, “திங்கக்கிழம பள்ளிக்கூடம் தெறக்கையில போட்டுக் காட்டுறேன்” என்றார். சனிக்கிழமை வகுப்புச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அன்று பந்தியில் ரசம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் இன்று வாசலில் இருக்கிறார்கள். அவர்கள் கண்முன்னால் ஒருதரமாவது அவர் மிடுக்காகக் கிளம்ப வேண்டும். உமாதேவிக்கு அந்த ஓர் ஆசைதான் பாக்கி.

அக்கம்மாள் பையைக் கொண்டுவந்து நடுவீட்டில் கவிழ்த்தாள். பொலபொலவென்று கொட்டியவை அத்தனையும் ஜட்டிகள். சிவப்பு, மஞ்சள், வாத்துப் படம் போட்டது என்று எல்லாம் உள்ளங்கை அளவு. ஒப்பாரி பாதியில் நின்றது.

அக்கம்மாள் ஒன்றை விரித்து முன்னும் பின்னும் பார்த்தாள். “ஏத்தா, இது தம்பிக்கு எப்பிடிப் பத்தும்?” பிறகு கண்ணைச் சுருக்கினாள். “பேரு வேற எழுதியிருக்கு. சுபாஸ்ரீ. யாரு உமா அவ?”

வாசலில் இருந்த ஆண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“ரெண்டாங்கிளாஸ் புள்ள” என்றாள் சுவரோரம் இருந்த பாஜிலா, பள்ளியின் இன்னொரு ஆசிரியை. “கவர்மெண்டு சட்டை தருது, டவுசர் தருது, செருப்புகூடத் தருது. இது ஒண்ணுதான் தர்றதில்ல. சின்னதுக வகுப்புல நனைச்சிருச்சுன்னா வெக்கப்பட்டு வீட்டுக்கு ஓடிரும், மறுநா வராது. அதான் சார் பேரு போட்டு ஆளுக்கொண்ணு வாங்கி வச்சிருவாக.”

உமாதேவி எழுந்து நேராகப் பந்தலுக்குப் போனாள். வெறும் மார்போடு பெஞ்சில் கிடந்தவரைப் பார்த்துக் கத்தினாள்.

“என் தலைல அடிச்சுத்தான சத்தியம் பண்ணுனீக? பொய்ச்சத்தியத்துக்கு என் தலையில்ல போகணும்? அதையும் நீங்களே வாங்கிக்கிட்டீகளா? எல்லாத்தையும் கைக்காசு போட்டுத்தான் செய்யணுமா ஒங்களுக்கு?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த உமாதேவிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று இன்னும் அதிகமாக அழுதாள்.

அழகுமலை பைக் சாவியை எடுத்தார். “ஒரு எட்டுப் போயி நல்ல சட்டையா வாங்கியாரேன்.”

“வேணாம்ணே” என்றாள். “புதுச்சட்டை போட்டா இவுகள யாருக்கும் அடையாளம் தெரியாது. பழசையே போடுங்க.”

வெளுத்த சட்டையிலேயே லிங்கேஸ்வரன் கிளம்பினார். யாரும் சட்டையைப் பார்க்கவில்லை. அவரைத் தூக்கும்போது, மலையடிவாரத்திலிருந்து வந்திருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அழகுமலையே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியாமல் படி இறங்கக் கூடாது என்பது அக்கம்மாளின் கண்டிப்பு. உமாதேவி நடுவீட்டில் உட்கார்ந்து ஜட்டிகளை மடித்து அடுக்கினாள். பதினெட்டில் பெயர் இருந்தது. நாலில் இல்லை. புதிதாக ஒன்றாம் வகுப்பில் சேருகிறவர்களுக்கு என்று புரிந்ததும் பாஜிலாவுக்குப் போன் போட்டாள். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, இவள் மார்க்கர் பேனாவால் எழுதினாள். மூன்று முடிந்தது.

“நாலாவது புள்ள பேரே சொல்ல மாட்டேங்குதுக்கா. வந்ததுல இருந்து ஒரே அழுகை.”

“சரி, போனை அதுட்டக் குடு” என்றாள் உமாதேவி.

காதில் விசும்பல் கேட்டது. வாத்துப் படம் போட்டதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.