பைக் பெட்டியில் இரண்டு நாள்

"அண்ணா, பாஞ்சாலை அக்காவுக்கு சாமி வந்திருக்கு. சீக்கிரம் வாங்க."

போனில் பக்கத்து வீட்டுக் கவிநிலாவின் குரலில் பயமே இல்லை. பெருமைதான் இருந்தது.

தான் நடத்தும் செங்கம் ரோட்டு லாட்ஜில், அறைச் சாவிக்கு முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்த செழியனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பௌர்ணமி. மணி நாலேகால். அக்கா வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்?

"எங்க இருக்கீங்க?"

"கிரிவலத்துல. நிருதி லிங்கம் தாண்டி ஒரு புளியமரத்தடி. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு சொல்லாமயே கூட்டிட்டு வந்துட்டாங்க."

"சாமி வந்திருக்குன்னா எப்படி?"

"உடம்பெல்லாம் நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. ஏதோ குழறிக் குழறிப் பேசறாங்க. என்னையே நீ யாருன்னு கேட்டாங்கண்ணா. சுத்தி நிக்கறவங்க கற்பூரம் ஏத்திட்டாங்க. ஒரு அம்மா, அவங்க பொண்ணுக்கு எப்ப கல்யாணம்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

செழியன் கையிலிருந்த சாவி மேஜைமேல் விழுந்தது.

"மத்தியானம் சாப்பிட்டாங்களா?"

"இல்லண்ணா. இன்னிக்கு ஒருபொழுது. காலைல ரெண்டு இட்லியோட சரி."

"கவிநிலா, அது சாமி இல்ல. சர்க்கரை கொறஞ்சுடுச்சு. உடனே ஏதாவது இனிப்பா..."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டான். கிடைக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் போன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

லாட்ஜ் சமையலறையில் புகுந்து சர்க்கரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டான். ஒரு தண்ணீர் பாட்டில். வாசலில் காசியின் ஆட்டோ.

"நிருதி லிங்கம் போ காசி."

"இன்னா தலைவா, பௌர்ணமில அங்க ஆட்டோவ உட்டா போலீஸ் என்னையும் சேத்து ஓரங்கட்டிடுவாங்க."

"எது வரைக்கும் விடறாங்களோ அது வரைக்கும் போ. அக்காவுக்கு உயிர் போற விஷயம்."

காசி வண்டியைக் கிளப்பினான்.

பாஞ்சாலைக்கு நாற்பத்தாறு வயது. கணவன் போன பிறகு தம்பியோடு வந்து இருப்பவள். சர்க்கரை நோயால் பார்வை மங்கியதில் சிரிஞ்சின் கோடுகள் தெரியாது. அதனால் தினமும் காலை ஊசி போடுவது செழியனின் வேலை. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் இன்சுலின். பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டி, அடியில் படிந்தது கலந்ததும் இருபது யூனிட் எடுத்து வயிற்றில் போட வேண்டும். டாக்டர் ஹைமவதி முதல் நாளே சொல்லியிருந்தார்: "இது உடனே வேலை செய்யற மருந்து இல்ல. காலைல போட்டா மத்தியானத்துக்கு மேலதான் வேகம் புடிக்கும். அந்த நேரத்துல வயிறு காலியா இருக்கக் கூடாது."

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கத்திரி வெயில் தொடங்கும் வரை.

அன்றைக்குப் புது பாட்டில் வாங்கி பைக் பெட்டியில் போட்டவன், லாட்ஜிலிருந்து அழைப்பு வரவே நேரே அங்கே போய்விட்டான். பைக் முழு வெயிலில் நின்றது. இரண்டு நாள். மூன்றாம் நாள் ஞாபகம் வந்து திறந்தபோது பாட்டில் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. கொண்டுபோய் சத்தமில்லாமல் ஃப்ரிட்ஜில் வைத்தான். ஒரு வாரம் கழித்து உருட்டும்போது, கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி ஒட்டிக்கொண்டு கரைய மறுத்தது. அதையும் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

ஏன்? 'ஒரு பாட்டில ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டாரத் தெரியல, நீயெல்லாம் லாட்ஜ் நடத்தறியா' என்று அக்கா கேட்பாள். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து.

சர்க்கரை ஏறியது. வேங்கிக்கால் கிளினிக்கில் டாக்டர் ஹைமவதி சீட்டைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "மருந்த ஃப்ரிட்ஜ்லதானே வெச்சிருக்கீங்க?"

"ஆமா மேடம்."

இருபது, இருபத்து நாலு ஆனது. அடுத்த வாரம் இன்னும் ஏறியிருந்தது. அதே கேள்வி. அதே 'ஆமா மேடம்'. இருபத்து நாலு, முப்பது ஆனது. இரண்டு தடவையும் அக்கா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நேற்றோடு அந்த பாட்டில் தீர்ந்தது. இன்று காலை புது பாட்டில். செய்த தப்புக்குப் பரிகாரம் மாதிரி, ஐஸ் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தது. அதிலிருந்து முப்பது யூனிட். போட்டு முடித்ததும் மனசு லேசாகக்கூட இருந்தது அவனுக்கு. வெயிலில் செத்த மருந்துக்காக ஏற்றிய அளவை உயிருள்ள மருந்தில் கொடுத்திருக்கிறோம் என்பது இப்போது, இந்த ஆட்டோவில்தான் உறைத்தது.

டாக்டரின் நம்பர் நாலாவது முயற்சியில் கிடைத்தது.

"முப்பதுக்கு இப்படி ஆகக் கூடாதே. போன வாரம் முன்னூறுக்கு மேல இருந்துச்சு. வேற ஏதாவது மாத்தினீங்களா?"

காசி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். செழியன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மேடம், அந்த பழைய பாட்டில் ரெண்டு நாள் வெயில்ல இருந்துச்சு. பைக் பெட்டில. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இன்னிக்குத்தான் நல்ல மருந்து போட்டிருக்கேன்."

"திட்டறதுக்கு இப்ப நேரமில்ல. போன உடனே முழுங்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா சர்க்கரையத் தண்ணில கரைச்சுக் குடுங்க. மயக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்குச் சொல்லுங்க. கால் மணி நேரத்துல மறுபடி டெஸ்ட். தெளிஞ்சுட்டாங்கன்னு விட்டுடக் கூடாது. அந்த மருந்து இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். சோறு சாப்பிட வெச்சு, நேரா இங்க கூட்டிட்டு வாங்க."

திருப்பத்தில் போலீஸ் தடுப்பு. செழியன் குதித்து இறங்கி ஓடினான். எதிலும் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்த கூட்டத்தை, டப்பாவும் பாட்டிலுமாக, முழங்கையால் விலக்கிக்கொண்டு ஓடினான்.

புளியமரத்தடியில் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்க விபூதி. கழுத்தில் யாரோ போட்ட மாலை. ரவிக்கை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. எதிரே நாலைந்து பேர் கும்பிட்டபடி.

"தள்ளுங்க, தள்ளுங்க."

"தம்பி, சாமிய தொடாதப்பா. மலையேறட்டும்," என்றார் ஒரு பெரியவர்.

"சாமி இல்லைங்க. எங்க அக்கா. சுகர் பேஷண்ட்."

"அண்ணா, ஜூஸ் வாங்கிட்டு வந்தேன், இவங்க யாரும் கிட்ட விடல," என்றாள் கவிநிலா. அவள் கண் கலங்கியிருந்தது.

செழியன் மண்டியிட்டான். "அக்கா, நான்தான். முழுங்கு பாக்கலாம்."

அவள் அவனை வெறித்தாள். யாரோ போல. ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனது, முழுங்கினாள். இன்னொரு மடக்கு. பாட்டிலில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் கலக்கிக் கொடுத்தான். பாதி அவள் மாலைமேல் சிந்தியது. கால் மணி நேரம் என்பது இவ்வளவு நீளம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கவிநிலா ஓடிப்போய் மருத்துவ முகாமிலிருந்து கூட்டிவந்த நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தபோது எண்பத்தெட்டு.

"எவ்ளோடா?" அக்காவின் குரல். பழைய குரல்.

"எண்பத்தெட்டு."

அவள் முகம் மலர்ந்தது. "பாத்தியா. ஒரு மாசமா எறங்காத சக்கரை. அத எறக்கிக் குடுன்னு வேண்டிக்கிட்டுத்தான் சுத்த வந்தேன். பாதி சுத்துக்குள்ளயே அண்ணாமலையார் கேட்டுட்டாரு."

கூட்டத்தில் ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். செழியனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. இப்படியே விட்டுவிடலாம். டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சிக்கொள்ளலாம்.

"அண்ணாமலையார் இல்லக்கா. நான்."

சொன்னான். பைக் பெட்டியை, ஒட்டிக்கொண்ட பொடியை, இரண்டு 'ஆமா மேட'த்தை. கவிநிலாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலை திட்டவில்லை. மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அன்னதானப் பந்தலிலிருந்து கவிநிலா வாங்கி வந்த சாம்பார் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எழுந்தபோது அவன் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. கவிநிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காலு எரிய எரிய நடந்தேன்டா," என்றாள், அவ்வளவுதான்.

இரவு வரை கிளினிக்கில் வைத்திருந்தார்கள். "பழைய இருபதுக்கே வாங்க. ஆனா காலைல சுகர் பாத்து எனக்குச் சொல்லாம ஊசி போடக் கூடாது," என்றார் டாக்டர். செழியனின் முகத்தைப் பார்க்காமல் பாஞ்சாலையிடம்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணி. டாக்டரிடம் பேசியாகிவிட்டது. செழியன் பாட்டிலை உருட்டி, இருபது யூனிட் எடுத்து, அக்காவின் முன்னால் உட்கார்ந்தான். வழக்கமாக முந்தானையை ஒதுக்கிக்கொண்டு தயாராக இருப்பவள் அசையவில்லை.

"இரு," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி, "கவிநிலா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போம்மா. பாட்டில்ல ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாரு. ஊசில எத்தனை இருக்குன்னும் பாத்துச் சொல்லு."

கவிநிலா செருப்பு மாட்டிக்கொண்டு வரும் வரை செழியன் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.