இருபத்தாறு டிகிரி

பூஜை விடுமுறைக்குச் சாந்த்ராகாச்சியில் அக்கா அகிலா வீட்டுக்கு வந்து, மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதும் பூர்ணிமா கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். இருபத்தாறு டிகிரி. நவமி வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் பாலிகஞ்சில் தங்கள் வீட்டுப் பால்கனியில் இருந்த தொட்டித் தண்ணீர் நேற்றிலிருந்து இருபத்தாறிலேயே நின்றது. அப்பா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். அவரைப்போய் சந்தேகப்பட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

தொட்டியில் இருந்தவை நான்கு பவளத் துண்டுகள். மன்னார் வளைகுடாவில் அவை வெட்டி எடுக்கப்பட்ட தாய்ப்பாறை இந்த ஏப்ரலில் கடல் சூட்டில் வெந்து செத்துவிட்டது. பவளத்தைக் கல் என்று நினைப்பவர்களிடம் அவள் பொறுமையாகச் சொல்லுவாள்: அது உயிர், அதுவும் ஒண்டிக்கட்டை இல்லை. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தைக்கொண்டு சமைத்துப் போடுகின்றன. சூடு ஏறினால் அதே பாசிகள் நஞ்சைக் கக்கத் தொடங்கும். பவளம் அவற்றை வெளியே துப்பிவிட்டு, வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். ஆய்வகத்தில் மற்றவை துப்பிவிட்ட முப்பத்திரண்டு டிகிரியிலும் தம் பாசியைத் துப்பாமல் வைத்திருந்தவை இந்த நான்கும்தான். ஏன் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இவையும் போய்விட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் வேறு துண்டு கிடையாது.

பூஜை விடுமுறையில் ஜாதவ்பூர் ஆய்வகத்தில் மின்சார வேலை என்றதால் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். தண்ணீருக்குள் பேனா அளவு வெப்பமானி ஒன்று, கம்பி இல்லாதது. அது சொல்வதைக் கேட்டுத்தான் குளிரூட்டும் இயந்திரம் ஓடும், நிற்கும்; அவள் கைபேசியிலும் அந்த எண்தான் தெரியும். அப்பா குருமூர்த்தி எல்லாவற்றையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வந்தாக்கூட இந்த உபசாரம் நடக்காதுடீ" என்று சிரித்தார்.

தசமி காலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது பால்கனி அமைதியாக இருந்தது. இயந்திரம் ஓடவில்லை. ஓட அவசியமில்லை போலிருக்கிறது என்றபடி விரலை விட்டாள். குளிக்க விளாவி வைத்த வெந்நீர்போல் இருந்தது. கைபேசி அப்போதும் இருபத்தாறு என்றது.

"அப்பா, இதுல ஒரு குச்சி இருந்துதே?"

"பூஜைல இருக்கும்மா. கற்பூரம் காட்டிட்டு எடுத்துத் தரேன்."

அம்மா போனபின் சரஸ்வதி பூஜை அப்பா பொறுப்பு. அஷ்டமி சாயங்காலமே அவர் அறையில் ஏடு அடுக்கிவிடுவார். பூ வாடக்கூடாது என்று அந்த அறையில் இருபத்தாறில் வைத்த ஏசியைப் பகலிலும் அணைக்கவில்லை. பட்டுத்துணிமேல் அவருடைய சுருதிப்பெட்டி, பழைய பேனா, அவற்றுக்கு நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு வெப்பமானி. இரண்டு ராத்திரியாக அது அப்பாவின் அறையைத்தான் அளந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"வருஷா வருஷம் உன்னோடது ஒண்ணுமே வெக்க முடியறதில்லை. புஸ்தகமெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள. இதைத்தானே நீ எப்பவும் பாத்துண்டிருக்கே, அதான் வெச்சேன்" என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

அவள் கையை நீட்டினாள். "கற்பூரம் காட்டாம எடுக்கப்படாது பூர்ணி" என்று தடுத்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் விலகிக்கொண்டார்.

சந்தனத்தைக் கழுவித் தொட்டிக்குள் போட்டாள். கைபேசியில் எண் ஏறியது. இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்துநான்கு. இயந்திரம் அலறிக்கொண்டு எழுந்தது. அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துவந்தார்.

"வேண்டாம்பா. சட்டுனு குளிர்ந்தா அதுவும் அதிர்ச்சி."

துண்டுகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, அதே தேன் நிறம். அவள் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். குண்டூசித் தலையைவிடச் சிறிய வாய்களிலிருந்து பழுப்பாக இழை இழையாக ஏதோ வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு வாய் மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறந்தது. அவளுக்கு வாய்விட்டு அழக்கூடத் தோன்றவில்லை. அப்பாவின்மேல் கோபப்பட முடிந்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"துப்பினதைத் திரும்பச் சேத்துக்குமா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"சில சமயம் சேத்துக்கும். அதுவரைக்கும் பசி தாங்கணும்."

அடுத்த நாட்களில் அப்பா நாற்காலியைப் பால்கனிக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். தண்ணீர் எப்போதோ ஆறிவிட்டது. துண்டுகள் மட்டும் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தன.

தசமி கழிந்து பௌர்ணமியில் வரும் லட்சுமி பூஜை அன்று, காக்கிமா என்று இவர்கள் கூப்பிடும் மேல் வீட்டு வங்காளி மாமி தட்டில் தேங்காய் உருண்டைகளோடு வந்தாள். பால்கனியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஓ மா, கீ ஷுந்தோர்!"

இத்தனை அழகான வெள்ளையை அவள் கண்டதே இல்லையாம். பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டாள். எங்கே கிடைக்கும், என்ன விலை என்று வங்காளியில் அப்பாவைக் கேட்டாள். அப்பா தட்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பூர்ணிமா கண்ணாடிக்கு அருகில் போனாள். இருட்டிய பிறகு மட்டுமே இரைதேடி விரியும் பவளத்தின் நுண்ணிய விரல்கள், பட்டப்பகலில், நான்கு துண்டுகளிலும் ஒன்று விடாமல் விரிந்திருந்தன. ஒன்றுமே இல்லாத தெளிந்த தண்ணீரில் அவை எதையோ துழாவிக்கொண்டிருந்தன.